கனமானதுதான் முதலில் விழுகிறது! வீட்டுச் சோதனைகள் சொதப்பும்போது எங்கே பார்ப்பது?

குழந்தைக்கு ஈர்ப்பு விசையைக் காட்டலாம் என்று உட்கார்ந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு கையில் நாணயம், இன்னொரு கையில் ஒரு தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் விழும், பாரு" என்று சொல்லிவிட்டுக் கையை விடுகிறோம். நாணயம் டங்கென்று விழுகிறது. தாள் ஆடி அசைந்து, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. "இல்லப்பா, காசுதான் முதல்ல விழுந்துச்சு" என்கிறாள் மகள். "நீ சரியா பாக்கல" என்று சமாளித்தேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

எடை எதுவாக இருந்தாலும் எல்லாம் ஒன்றாக விழும் என்பது காற்றில்லாத இடத்துக்கான பேச்சு. நம் வீட்டு அறையில் காற்று நிறைந்திருக்கிறது. அதனால் சோதனை சொதப்பினால் மழுப்ப வேண்டாம், யார் கெடுத்தது என்று தேடலாம். சந்தேகப்பட வேண்டியவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்: உங்கள் விரல்கள், அப்புறம் காற்று.

யார் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஐந்து தடவை போடுங்கள். பிறகு பொருள்களைக் கை மாற்றி இன்னும் ஐந்து தடவை போடுங்கள். வலது கையில் இருப்பதே எப்போதும் முந்தினால், அல்லது வெற்றி மாறி மாறி வந்தால், கோளாறு விரல்களில். எந்தக் கையில் இருந்தாலும் அதே பொருள்தான் முந்துகிறது என்றால் காற்று. கீழே உள்ளவற்றைப் படிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். நான் இதை மறந்து ஒரு மாலைப் பொழுதையே வீணாக்கியிருக்கிறேன்.

"ஒரு தடவை இது முந்துது, இன்னொரு தடவை அது முந்துது"

விரல்தான். 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட 0.64 நொடிதான் ஆகிறது. ஒரு கை மற்றதைவிட 0.05 நொடி பிந்தினால் என்ன ஆகும் தெரியுமா? முதல் பொருள் தரையில் விழும்போது இரண்டாவது இன்னும் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம்! இருபதில் ஒரு பங்கு நொடித் தாமதத்தை நம் விரல் உணரவே உணராது. கனமான பொருளை நாம் இறுக்கிப் பிடிக்கிறோம், இறுக்கிப் பிடித்த கை விடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சில சமயம் லேசானது முந்திவிட்டதுபோலக்கூடத் தெரியும்.

இதற்குப் பரிகாரம், விரலை ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவதுதான். இரண்டு பொருள்களையும் மேசை விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பின்னால் ஒரு நீளமான ஸ்கேலை விளிம்புக்கு இணையாகப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் விளிம்பைத் தாண்டும். "ஆனா முன்னாடி தள்ளி விழுதே, நேரா விழலையே" என்று பிள்ளை கேட்டால் சபாஷ் சொல்லுங்கள். பக்கவாட்டில் போகிற வேகம் கீழே விழுகிற நேரத்தை மாற்றுவதில்லை. அதையும் தனியாகச் சோதிக்கலாம். ஸ்கேலை மேசை விளிம்பில் மூலைவாட்டாகப் படுக்கவைத்து, அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம், விளிம்பில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் இன்னொரு நாணயம். மேசையில் இருக்கும் முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, விளிம்பு நாணயத்தை நோக்கி ஸ்கேலைச் சட்டென்று தட்டுங்கள். ஒரு நாணயம் நேராகக் கீழே விழும், இன்னொன்று சீறிக்கொண்டு தூரமாகப் போகும். ஆனால் சத்தம் ஒன்றுதான் கேட்கும். இரண்டு சத்தம் கேட்டால் ஸ்கேல் சற்று மேல்நோக்கித் தட்டியிருக்கிறது என்று பொருள். ஸ்கேலை மேசையோடு ஒட்டியபடி தட்டிப் பாருங்கள்.

"எத்தனை தடவை போட்டாலும் கனமானதுதான் முந்துது"

இது காற்று. குழந்தை பார்த்தது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தக் கோளாறு அதிகம் வருவது தண்ணீர் பாட்டில் சோதனையில். ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர், இன்னொன்று காலி. இரண்டும் ஒரே அளவு, எனவே ஒன்றாக விழும் என்று எதிர்பார்க்கிறோம். விழாது. காலி பாட்டிலின் எடை இருபது கிராம் சொச்சம்தான், பாட்டில் படுக்கைவாட்டில் விழுந்தால் காற்று அதன் நீளம் முழுவதையும் தடுக்கிறது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடி, தரைக்குப் பக்கத்தில் வரும்போது காற்று தூக்கும் விசை பாட்டிலின் எடையில் பாதிக்கு மேல்கூடப் போய்விடலாம். நிறைந்த பாட்டிலையும் காற்று அதே அளவுதான் தடுக்கிறது. ஆனால் அரைக் கிலோவுக்கு அது கொசு கடித்த மாதிரி.

இதைச் சரிசெய்ய, காலி பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான். இப்போது ஒன்று மற்றதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு எடை. இரண்டையும் நிமிர்த்திப் பிடித்து மார்பளவு உயரத்திலிருந்து போட்டால் ஒரே "தொப்". மூடியை இறுக்கமாக மூடுங்கள், கீழே ஒரு தலையணையோ பழைய போர்வையோ போடுங்கள். என் கருத்தில் வீட்டில் செய்யக்கூடிய ஈர்ப்புச் சோதனைகளில் இதற்கு இணை இல்லை, நாணயமும் காகிதமும் இதற்குக் கிட்டக்கூட வராது. நாலு மடங்கு எடை என்பதைக் குழந்தை தன் கையாலேயே தூக்கிப் பார்த்து உணர்ந்திருக்கிறது பாருங்கள்.

காகிதப் பந்தும் நாணயமும்தான் வேண்டும் என்றால் சரி. ஒரு ஏ4 தாள் சுமார் 5 கிராம். லேசாகக் கசக்கிய பந்தை 2 மீட்டரிலிருந்து போட்டால் நாணயத்துக்கு ஒரு சாண் போலப் பின்தங்கும். 1 மீட்டரிலிருந்து போட்டால் நான்கைந்து விரற்கடைதான் பின்தங்கும். இன்னும் இறுக்கிக் கசக்கினால் அதுவும் குறையும். பெரும்பாலோர் வித்தியாசம் நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியில் ஏறி நின்று போடுகிறார்கள். உயரம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் காற்றின் கை ஓங்கும். எடை முக்கியமில்லை என்று காட்ட உயரத்தைக் குறையுங்கள். காற்று முக்கியம் என்று காட்ட உயரத்தைக் கூட்டுங்கள். பலூனைக் கொண்டுவந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், அது காற்றுக்கே பிறந்தது.

"என்ன நடந்ததுன்னே தெரியல"

மிக வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான். கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள். தரையில் ஒரு உலோகத் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் போடுங்கள். "டங்" ஒன்றா, "டடங்" இரண்டா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சின்னக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு விளையாட இதை ரொம்பவும் விரும்புவார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: கண் திறந்திருந்தால் நாம் எதிர்பார்ப்பதையே பார்க்கிறோம், காதுக்கு எது கனம் என்று தெரியாது.

போனில் படம் பிடிப்பதாக இருந்தால் ஸ்லோ மோஷனில் பிடியுங்கள். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான் எடுக்கிறது. தரையை நெருங்கும்போது பொருள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் தாண்டிவிடும். போனைத் தரையோரமாக நிறுத்தி வைத்துப் பிடித்தால் யார் முந்தியது என்பது துல்லியமாகத் தெரியும்.

"புத்தகத்துமேல வெச்ச தாள் பிரிஞ்சு பறக்குது"

இது அருமையான சோதனை. கெட்டி அட்டைப் புத்தகத்தின் மேல் ஒரு சிறிய தாளை வைத்துப் புத்தகத்தைப் போட்டால், தாள் அதோடு ஒட்டிக்கொண்டே கீழே வரும். தனியாகப் போட்டால் ஆடி ஆடி வரும் அதே தாள்! பிரிந்து பறந்தால் மூன்று இடங்களில் பாருங்கள்.

ஒன்று, தாள் புத்தகத்தைவிடப் பெரிதாக இருக்கும், அல்லது ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் காற்று நுழைந்து தூக்கிவிடும். எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை உள்ளே இருக்கும்படி வெட்டுங்கள். இரண்டு, தாள் முன்பு மடித்ததாக இருக்கும், மடிப்பு மேலே தூக்கி நிற்கும். புதுத்தாள் எடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: புத்தகம் சாய்ந்து விழுகிறது. ஒரு கை முந்தி விடுகிறது, ஒரு கை பிந்தி விடுகிறது, புத்தகம் குட்டிக்கரணம் அடிக்கிறது. என் மகள் முதலில் இரண்டு கைகளாலும் புத்தகத்தின் ஓரத்தைக் கிள்ளிப் பிடித்துத்தான் போட்டாள், ஆறு தடவையும் புரண்டது. பிறகு உள்ளங்கைகளை விரித்து, புத்தகத்தை அவற்றின் மேல் சும்மா உட்காரவைத்து, இரண்டு கைகளையும் சட்டென்று பக்கவாட்டில் விலக்கினாள். சமமாக இறங்கியது. தாள் அசையவே இல்லை. ஏழாவது தடவை தரையில் கிடந்த புத்தகத்தை எடுக்காமல், குனிந்து, அதன் மேல் இருந்த தாளை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பசை ஏதாவது தடவியிருக்கிறேனோ என்று சந்தேகம்.

"புத்தகம் தாளை இழுத்துக்கிட்டு வருது" என்று பெரிய பிள்ளைகள் வாதாடலாம். அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. புத்தகம் முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டே போகிறது, அதனால் தாளுக்கு எதிர்க் காற்று இல்லை. இதுதான் முதன்மைக் காரணம். புத்தகத்தின் முதுகுக்குப் பின்னால் சுழலும் காற்றும் தாளைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கிறது என்பதும் உண்மைதான். இதை ஒப்புக்கொண்டால் மரியாதை கூடும்.

பாராசூட் தொல்லைகள்

பிளாஸ்டிக் உறையின் நான்கு மூலையிலும் நூல் கட்டி, கீழே ஒரு சுமையைத் தொங்கவிட்டுச் செய்யும் பாராசூட் இது. விரியவே இல்லை என்றால் அதைச் சுருட்டித் தூக்கிப் போட்டிருப்பீர்கள், அல்லது உயரம் போதவில்லை. குடைபோல விரியும் உறையின் நடு உச்சியை இரண்டு விரலால் பிடித்து, சுமை கீழே தொங்கட்டும் என்று விட்டு, அப்படியே விடுங்கள். முதல் ஓரடி விரிவதற்கே போய்விடும். நூல்கள் சிக்குகின்றன என்றால் நீளம் ஒன்றுக்கொன்று மாறியிருக்கிறது. 40 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் உறைக்கு, நான்கு மூலையிலும் 40 சென்டிமீட்டர் நூல் என்பது ஒரு நல்ல தொடக்கம். கட்டுவதற்கு முன் நான்கு நூலையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். (பிளாஸ்டிக் உறையைச் சின்னக் குழந்தைகள் தலையில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.)

மெதுவாகவே வரவில்லை என்றால் சுமை கனம். 15 கிராம் போதும், ஐந்தாறு நாணயம் கட்டுகிற ஆசை வேண்டாம். சுமை மிகவும் குறைந்தாலும் குடை விரியாமல் சறுக்கிக்கொண்டு எங்கேயோ போகும்.

ஊசல்போல ஆடுகிறதா? இதுதான் சுவாரசியமான கோளாறு. குடைக்குள் சேரும் காற்றுக்கு வெளியேற வழி இல்லை. ஒரு தடவை இந்த ஓரம் வழியாகப் பிய்த்துக்கொண்டு போகிறது, அடுத்த தடவை எதிர் ஓரம் வழியாக. ஒவ்வொரு தடவையும் குடையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. 1797 அக்டோபர் 22 அன்று ஆந்த்ரே ஜாக் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். அவருடைய குடையின் உச்சியில் ஓட்டை இல்லை, இறங்கும் வழியெல்லாம் படுபயங்கரமாக ஆடியது. உங்கள் குடையின் நடுவில் ஒரு 2 சென்டிமீட்டர் ஓட்டை போடுங்கள். ஓட்டை போட்டால் வேகமாக விழாதா என்று குழந்தை கேட்கும். கொஞ்சம் கூடும், ஆனால் ஆட்டம் நின்று நேராக இறங்கும். ஓட்டையோடு ஒன்று, ஓட்டையில்லாமல் ஒன்று செய்து பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.

காகித ஹெலிகாப்டர் சுழலவில்லை

நீளமான காகிதத் துண்டின் மேல்பாதியை நடுவில் வெட்டி இரண்டு இறக்கைகளாக மடித்து, கீழ்ப்பாதியைக் காம்பாக விடும் பொம்மை இது. இரண்டு இறக்கைகளையும் ஒரே பக்கம் மடித்திருப்பீர்கள். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மடியுங்கள். அப்படியும் சுழலாவிட்டால் காம்பின் அடியில் ஒரு ஜெம் கிளிப் மாட்டுங்கள். மடிப்புகளை மாற்றி மடித்தால் எதிர்த் திசையில் சுழலும். வேறொன்றும் இல்லை.

"ரெண்டு மடங்கு எடை வெச்சேன், ரெண்டு மடங்கு வேகமா விழல"

கப்கேக் சுடும் மடிப்புக் காகிதக் கிண்ணங்களை வைத்துச் செய்யும் சோதனையில் வரும் புகார் இது. இந்தக் கிண்ணம் விட்ட சிறிது தூரத்திலேயே நிலையான வேகத்தை எட்டிவிடும். பாடப்புத்தகம் இதை முற்றுத் திசைவேகம் என்கிறது: எடையும் காற்றுத் தடையும் சமமாகி, அதற்கு மேல் வேகம் கூடாத நிலை. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அப்படியென்றால் இரண்டு மடங்கு வேகம் வேண்டுமானால் நான்கு கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும். இரண்டு கிண்ணம் வைத்தால் சுமார் 1.4 மடங்குதான்.

சரிபார்க்க அழகான வழி: நான்கு கிண்ண அடுக்கை 2 மீட்டரிலிருந்தும், ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏறத்தாழ ஒன்றாகத் தரையிறங்கும். கிண்ணம் புரண்டால் மடிப்புகள் நசுங்கியிருக்கும், விரலால் மறுபடி நிமிர்த்திவிடுங்கள்.

"சரிவுப் பலகையில் காற்றே தடுக்கல, அப்பவும் ஒண்ணு தோக்குது"

நேராக விழுவது அதிவேகம் என்பதால் கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டித்தான் அளந்தார். நாமும் அப்படியே செய்யலாம் என்று கோலிக்குண்டையும் டேபிள் டென்னிஸ் பந்தையும் உருட்டினால் கோலி ஜெயிக்கும். காற்றைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். உருளும் பொருள் கீழே இறங்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். எடையெல்லாம் ஓட்டில் இருக்கும் உள்ளீடற்ற பந்தைச் சுழற்றுவது கடினம், எனவே அது பின்தங்கும். வழுக்காமல் உருளும்போது கெட்டிப் பந்தின் முடுக்கம் (வேகம் கூடிக்கொண்டே போகும் விகிதம்), உராய்வே இல்லாமல் சறுக்குவதன் முடுக்கத்தில் 5/7 பங்கு. உள்ளீடற்ற பந்துக்கு 3/5, வளையத்துக்குப் பாதிதான். வளையலை உருட்டினால் கடைசியாக வரும்.

எடை முக்கியமில்லை என்று காட்ட வேண்டுமானால் இரண்டும் கெட்டியாக இருக்கட்டும்: சின்னக் கோலி, பெரிய கோலி. இவை ஒன்றாக வரும். கெட்டியையும் உள்ளீடற்றதையும் கலந்தால் அது வேறு பாடம்.

ஓட்டை பாட்டிலில் தண்ணீர் வரவே இல்லை, அல்லது நிற்கவே இல்லை

பாட்டிலின் அடிப்பக்கம் 3, 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்தால் பீய்ச்சி வர வேண்டும். வரவில்லை என்றால் மூடியைத் திறக்க மறந்திருப்பீர்கள். மூடியபடி காற்று உள்ளே வராது, தண்ணீர் வெளியே போகாது. திறந்து கையை விட்டால் விழும்போது தண்ணீர் நின்றுவிடும், ஏனென்றால் பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுகின்றன, ஒன்று மற்றதை அழுத்துவதில்லை. நிற்கவில்லை என்றால் பாட்டில் சுழன்றிருக்கும், கழுத்தைப் பிடித்து நேராக விடுங்கள். மேலே தூக்கி எறிந்தாலும், கையை விட்டுப் போன கணத்திலிருந்தே தண்ணீர் நிற்கும். இதை வெளியில் செய்யுங்கள், நனையத் தயாராக இருங்கள்.

"அப்போ காத்து இல்லாத எடத்துல எல்லாம் மிதக்குமா?"

சோதனையில் தவறில்லை, பேச்சில் தவறு. காற்றையே பேசிப் பேசி, ஈர்ப்புக்கும் காற்றுதான் காரணம் என்று குழந்தை முடிச்சுப் போட்டுவிடும். நிலாவைக் காட்டி அவிழ்க்கலாம். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 பயணத்தின் டேவிட் ஸ்காட், நிலாவில் ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியல், இன்னொரு கையில் வல்லூறின் இறகு, இரண்டையும் சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விட்டார். நிலாவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்குதான், ஆனாலும் காற்றே இல்லாத அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறது. இரண்டும் 1.4 நொடியில் ஒன்றாகத் தரையில் விழுந்தன. வீடியோ இணையத்தில் கிடைக்கும், முதலில் யார் முந்துவார்கள் என்று குழந்தையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். அங்கே, 400 கிலோமீட்டர் உயரத்திலும், பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், ஓட்டை பாட்டிலும் தண்ணீரும் மாதிரி. இதைச் சொன்னதும் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ மழை ஏன்பா நம்மள இடிச்சுப் போடல?"

காற்று இல்லாமல் 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளி விழுந்தால் தரையை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் அடிக்கும். காற்று இருப்பதால் பெரிய துளிகூட நொடிக்கு 9 மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. காகிதக் கிண்ணத்துக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்கிறது.